‘ஐ’யா, ‘மீ’யா? அம்மாவே சொல்லிக் கொடுக்கலாம்!

“அம்மா, இந்த இடத்துல ‘ஐ’ வருமா, ‘மீ’ வருமா?”

பள்ளிக்கூடம் போகிற குழந்தை இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி வராமல் போகாது. நம்மில் பலர் என்ன பதில் சொல்கிறோம்? “அப்பா வரட்டும், கேட்டுக்கோ” என்கிறோம். இல்லையென்றால் “டியூஷன் அக்காகிட்ட கேளு.” கேள்வி கேட்ட குழந்தை நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நாமும் குழம்பைக் கிளறப் போய்விடுவோம்.

மதுரை டவுனில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமும் இதே கதைதான். நம் மாநிலத்தில் 1968-லிருந்து தமிழ், ஆங்கிலம் என்ற இரண்டு மொழிப் படிப்பு. 2012-13-ஐ ஒட்டி அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்புகள் பரவலாக வந்துவிட்டன. ஆகவே பிள்ளை இங்கிலீஷ் மீடியம், அம்மா தமிழ் மீடியம் என்பது இன்று ஏராளமான வீடுகளில் உள்ள நிலைமை.

இதில் டியூஷன் செலவு ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று உண்டு. “எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது” என்று எட்டு வயசிலேயே குழந்தை ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. இங்கிலீஷில் ஆரம்பிக்கிற அந்த முடிவு, அப்புறம் கணக்குக்கும் பரவும், சயின்ஸுக்கும் பரவும். பத்து வயசில் பாடத்தை நம்மிடம் கேட்காத பிள்ளை, பதினைந்து வயசில் மனசில் உள்ளதை மட்டும் வந்து கேட்குமா, சொல்லுங்கள்?

நானும் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள்தான். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு நோட்டோடு வருவார்கள். அவர்களோடு உட்கார்ந்து பழகியதில் ஒன்று எனக்கு நன்றாக விளங்கிவிட்டது. இந்த ‘ஐ, மீ’ விஷயத்தில் பாதிக்கு மேல் நமக்குத் தமிழிலேயே தெரியும். தெரியும் என்பதுதான் நமக்குத் தெரியவில்லை!

பெயருக்குப் பதில் ஒரு பெயர்

‘புரோநவுன்’ என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் பிரதிப்பெயர்ச்சொல் என்று படித்ததுதான். கலா, கலா என்று பத்துத் தடவை சொல்வதற்குப் பதில் ‘அவள்’ என்கிறோமே, அதுதான். தமிழ் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் படித்திருப்பீர்கள். பேசுகிறவர், கேட்கிறவர், பேசப்படுகிறவர். இங்கிலீஷிலும் அதே மூன்றுதான்.

இனி ‘ஐ’க்கும் ‘மீ’க்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம்.

நான் கலாவைக் கூப்பிட்டேன் – ‘ஐ கால்ட் கலா.’
கலா என்னைக் கூப்பிட்டாள் – ‘கலா கால்ட் மீ.’

காரியத்தைச் செய்கிறவர் நானாக இருந்தால் ‘ஐ’. காரியம் என் மேல் வந்து சேர்ந்தால் ‘மீ’. இவ்வளவுதான் விஷயம். “கலா நான் கூப்பிட்டாள்” என்று மூன்று வயசுக் குழந்தைகூடச் சொல்லாது. ‘நான்’ எங்கே, ‘என்னை’ எங்கே என்பது அதற்குத் தாய்ப்பாலோடு வந்துவிட்டது. ஆகவே குழந்தை “ஐ-யா, மீ-யா?” என்று கேட்டால், பதிலுக்கு நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “அதைத் தமிழில் சொல்லு பார்ப்போம்.”

‘நான்’ என்று வந்தால் ‘ஐ’. என்னை, என்னிடம், என்னோடு, எனக்காக என்று வால் முளைத்து வந்தால் ‘மீ’. இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொது. ஒரு அட்டையில் எழுதி, படிக்கிற இடத்தில் ஒட்டி வைத்துவிடுங்கள்:

நான் – ஐ. என்னை – மீ. என் – மை. என்னுடையது – மைன்
நாங்கள் – வீ. எங்களை – அஸ். எங்கள் – அவர். எங்களுடையது – அவர்ஸ்
நீ, நீங்கள் – யூ. உன்னை, உங்களை – யூ. உங்கள் – யுவர். உங்களுடையது – யுவர்ஸ்
அவன் – ஹீ. அவனை – ஹிம். அவன் வீடு என்கிறபோது – ஹிஸ். அவனுடையது – ஹிஸ்
அவள் – ஷீ. அவளை – ஹெர். அவள் வீடு என்கிறபோது – ஹெர். அவளுடையது – ஹெர்ஸ்
அது – இட். அதை – இட். அதன் – இட்ஸ்
அவர்கள் – தே. அவர்களை – தெம். அவர்களின் – தெயர். அவர்களுடையது – தெயர்ஸ்

(எங்கள் என்பதற்குரிய ‘அவர்’ காதுக்கு நம் தமிழ் ‘அவர்’ மாதிரியே விழும். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.)

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. தமிழில் கலா, கலாவை, கலாவுக்கு என்று எந்தப் பெயரும் மாறும். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷிலும் பெயர்கள் இப்படி வால் சேர்த்து மாறிக்கொண்டுதான் இருந்தன. நாளாவட்டத்தில் அந்த வால்களில் பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டன. ஹீ, ஹிம் போன்ற பிரதிப்பெயர்களில் மட்டும் பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் ‘கலா’ எங்கே வந்தாலும் மாறாது. ‘ஷீ’ மட்டும் ‘ஹெர்’ ஆகிறது.

‘எனக்கு’ செய்கிற குறும்பு

மேலே சொன்னதில் ‘எனக்கு’ என்ற சொல்லை நான் சேர்க்காமல் விட்டிருந்ததைக் கவனித்தீர்களா? பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழுகிற இடம் அதுதான். ஆகவே தனியாகப் பார்த்துவிடுவோம்.

எனக்குப் பசிக்கிறது. எனக்குத் தெரியும். எனக்கு வேண்டும். எனக்குப் பிடிக்கும். எனக்குத் தலை வலிக்கிறது. எனக்கு ரெண்டு அக்கா. இதையெல்லாம் இங்கிலீஷில் சொன்னால் எல்லாமே ‘ஐ’யில் ஆரம்பிக்கும். ‘ஐ ஆம் ஹங்க்ரி. ஐ நோ. ஐ வான்ட். ஐ லைக். ஐ ஹேவ் எ ஹெட்ஏக். ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்.’

ஆனால், அத்தை எனக்கு ஒரு பேனா கொடுத்தாள் என்றால் ‘ஆன்ட்டி கேவ் மீ எ பென்.’ இங்கே ‘மீ’.

ஒரே ‘எனக்கு’ ஏன் இரண்டாகப் பிரிகிறது? இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “இன்னொருத்தர் செய்து என்னிடம் வந்து சேர்ந்ததா? இல்லை, என் உடம்பிலோ, மனசிலோ, குடும்பத்திலோ இருக்கிறதா?” இன்னொருத்தர் கொடுத்தது, சொன்னது, காட்டியது எல்லாம் ‘மீ’. பசி, வலி, ஆசை, தெரிதல், உறவு எல்லாம் ‘ஐ’.

‘அவனுக்கு’, ‘அவளுக்கு’ என்பதற்கும் இதே சோதனைதான். அவளுக்கு மல்லிகைப் பூ பிடிக்கும் – ‘ஷீ லைக்ஸ் ஜாஸ்மின்.’ அவளுக்கு மல்லிகைப் பூ வாங்கிக் கொடுத்தேன் – ‘ஐ பாட் ஹெர் ஜாஸ்மின்.’

ரெண்டு பேர் சேர்ந்து வந்தால்

“நானும் அண்ணனும் தெப்பக்குளம் போனோம்.” இதை ‘மீ அண்ட் மை பிரதர்’ என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. சிலர் இதற்குப் பயந்துகொண்டு எல்லா இடத்திலும் ‘ஐ’ போட்டுவிடுவார்கள். “மாமா அண்ணனுக்கும் எனக்கும் மிட்டாய் வாங்கித் தந்தார்” என்பதைக்கூட ‘மை பிரதர் அண்ட் ஐ’ என்று எழுதுவார்கள். இரண்டுமே பரீட்சையில் மார்க் போகிற இடங்கள்.

சுலபமான வழி ஒன்று உண்டு. அண்ணனை விரலால் மறைத்துவிடச் சொல்லுங்கள். மீதி என்ன? ‘மீ வென்ட்’ சரியா? இல்லை, ‘ஐ வென்ட்’தான். ஆகவே ‘மை பிரதர் அண்ட் ஐ வென்ட்.’ அடுத்ததிலும் அண்ணனை மறைத்தால் ‘அங்கிள் கேவ் ஐ’ என்று வராதே! ‘அங்கிள் கேவ் மீ’தான். ஆகவே ‘அங்கிள் கேவ் மை பிரதர் அண்ட் மீ ஸ்வீட்ஸ்.’

தமிழில் “நானும் அண்ணனும்” என்று நம்மை முன்னால் சொல்வோம். இங்கிலீஷில் அடுத்தவரை முன்னால் சொல்லி, நம்மைக் கடைசியில் சொல்வது நாகரிகம்.

ஃபார், டு, வித், ஃப்ரம், பிட்வீன் போன்ற சொற்களுக்குப் பின்னால் எப்போதும் ‘மீ, ஹிம், ஹெர், அஸ், தெம்’ தான். ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்பதே சரி. நம் கணக்கிலும் அது ஒத்துப்போகும்: எனக்காக, என்னோடு, என்னிடமிருந்து. எல்லாம் வால் முளைத்தவைதானே?

‘அப்பா வந்தாக’ – மரியாதை படுத்தும் பாடு

நம் பக்கத்தில் “அப்பா வந்தாக, தாத்தா சொன்னாக” என்றுதான் பிள்ளைகளைப் பேசப் பழக்குகிறோம். நல்ல பழக்கம். அதே பிள்ளை இங்கிலீஷில் எழுதும்போது ‘மை ஃபாதர் இஸ் எ டெய்லர். தே ஆர் வெரி குட்’ என்று எழுதிவிடுகிறது. டீச்சர் சிவப்பு மையில் சுழித்து விடுகிறார். குழந்தை செய்தது மரியாதை, கிடைத்தது சுழி!

இங்கே குழந்தையைத் திட்டக் கூடாது. “இங்கிலீஷில் ஒருத்தர் என்றால் ஹீ அல்லது ஷீ. அப்பா ஆனாலும் ஹீ, கலெக்டர் ஆனாலும் ஹீ. அது மரியாதைக் குறைவு இல்லை” என்று விளக்குங்கள். மரியாதையை இங்கிலீஷ்காரர்கள் பிரதிப்பெயரில் வைக்கவில்லை. ‘சார், மேடம், ப்ளீஸ், தேங்க் யூ’ என்று வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இன்ன ஆள் என்று தெரியாத இடத்தில் ஒருத்தருக்கும் ‘தெயர்’ வரும். ‘சம்படி லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா’, அதாவது யாரோ குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், என்பது இன்றைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட இங்கிலீஷ்.

நீ, நீங்கள் இரண்டுக்கும் ‘யூ’ ஒன்றுதானே, இங்கிலீஷில் எல்லாரையும் ‘நீ’ என்றா கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்மை நேர் எதிர்! முன்காலத்தில் அவர்களுக்கும் ஒருத்தரை ‘நீ’ என்று சொல்ல ‘தௌ’ என்று ஒரு சொல் இருந்தது. ‘யூ’ பலபேருக்கு உரியது. பிறகு மரியாதைக்கும் வந்தது. யாரைப் பார்த்தாலும் மரியாதையாகவே ‘யூ’ சொல்லிச் சொல்லி, சுமார் 300 வருஷத்துக்கு முன்பே ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. 1611-ல் வெளிவந்த இங்கிலீஷ் பைபிளில் இன்றும் அதைப் பார்க்கலாம். ஆகவே இங்கிலீஷ்காரர்கள் எல்லாரையும் ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரே ஆளானாலும் ‘யூ ஆர்’ என்கிறோமே தவிர ‘யூ இஸ்’ என்பதில்லை. அதற்கும் காரணம் இதுதான்.

ராணியின் தம்பி யாருடைய தம்பி?

“ராணிக்குத் தன் தம்பி மேல் ஆசை.” இதில் ‘தன்’ என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். இங்கிலீஷில் பிரிக்க வேண்டும். ‘ராணி லவ்ஸ் ஹிஸ் பிரதர்’ என்று சில பிள்ளைகள் எழுதுவார்கள். தம்பி ஆண்பிள்ளைதானே என்று அவர்கள் நினைப்பு! “தம்பியைப் பார்க்காதே, தம்பிக்குச் சொந்தக்காரி யார் என்று பார்” என்று சொல்லுங்கள். சொந்தக்காரி ராணி, ஆகவே ‘ஹெர் பிரதர்.’

நம் ‘தன்’னுக்கு ஒரு பெருமையும் உண்டு. “மீனா கலாவிடம் தன் பையைக் கொடுத்தாள்” என்றால் மீனாவின் பை என்று சட்டென்று புரியும். இங்கிலீஷில் ‘ஹெர் பேக்’ என்றால் யார் பை? சந்தேகம் வருகிற இடத்தில் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

கைக்குழந்தையைத் தமிழில் “அது அழுகிறது” என்கிறோம். இங்கிலீஷிலும் ஆணா பெண்ணா தெரியாத குழந்தையை ‘இட்’ என்பார்கள். ஆனால் நம் வீட்டுக் குழந்தையை ‘ஹீ’ அல்லது ‘ஷீ’ என்றே எழுத வேண்டும்.

அழகருக்கு யார் யார் போகிறோம்?

சித்திரைத் திருவிழாவுக்கு வெளியூர் சிநேகிதிக்கு உங்கள் மகள் லெட்டர் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் “நாங்கள் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகிறோம்” என்றால் சிநேகிதி அதில் இல்லை. “நாம் போகிறோம்” என்றால் அவளும் சேர்த்தி. இங்கிலீஷில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றுதான். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் துரையும் நம் மொழிகளின் இந்த நாம், நாங்கள் வித்தியாசத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஆகவே ‘வீ ஆர் கோயிங்’ என்று எழுதினால் போதாது. அழைக்கிறோம் என்றால் ‘வில் யூ கம் வித் அஸ்?’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கூப்பிட்டோம் என்று நாம் நினைப்போம், கூப்பிடவில்லை என்று அவர்கள் நினைப்பார்கள். இலக்கணத்தால் சிநேகம் கெடலாமா?

இன்னும் சில சின்னத் தடுக்கல்கள்

‘மைசெல்ஃப் ராஜா’ என்று சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வது நம் நாட்டில் எங்கும் பரவிவிட்டது. அது சரியல்ல. ‘ஐ ஆம் ராஜா’ என்றோ ‘மை நேம் இஸ் ராஜா’ என்றோ சொல்ல வேண்டும். ‘மைசெல்ஃப்’ என்பது “நானே” என்று அழுத்திச் சொல்லவும், “என்னை நானே” என்கிற இடத்துக்கும் உரியது. ‘ஐ கட் மைசெல்ஃப்’, கையை வெட்டிக்கொண்டேன், என்பது போல.

‘மை’க்குப் பின்னால் பொருள் வரும், ‘மைன்’ தனியாக நிற்கும். ‘திஸ் இஸ் மை புக். திஸ் புக் இஸ் மைன்.’

‘இட்ஸ்’ இரண்டு உண்டு. மேலே சின்னக் கொம்பு போட்டால் ‘இட் இஸ்’ என்று அர்த்தம். கொம்பு இல்லாவிட்டால் ‘அதன்’ என்று அர்த்தம். பசுமாட்டின் வாலைப் பற்றி எழுதும்போது கொம்பு கூடாது!

கதவைத் தட்டுகிறவரை “யாரு?” என்றால் ‘இட் இஸ் ஐ’ என்று சொல்ல வேண்டும் என்பது பழைய இலக்கணம். ரென்னும் மார்ட்டினும் 1930-களில் எழுதிய புத்தகத்தை நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் புத்தகங்களில் படித்த தாத்தாக்கள் இப்படித்தான் வற்புறுத்துவார்கள். இன்றைய பேச்சில் ‘இட்ஸ் மீ’ என்பதே வழக்கம்; அது தப்பில்லை. ‘டாலர் தேன் ஐ’யா, ‘தேன் மீ’யா என்பதும் இப்படிப்பட்ட சண்டைதான். ‘டாலர் தேன் ஐ ஆம்’ என்று முழுசாக எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

லீவ் லெட்டர் நாமே எழுதலாம்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லெட்டர் எழுத அடுத்த வீட்டுக் காலேஜ் பெண்ணைத் தேடி ஓட வேண்டாம். இதுவரை பார்த்ததே போதும். நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போடுவதால் பிள்ளையைப் படர்க்கையில் சொல்ல வேண்டும்:

‘அஸ் மை சன் இஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஹீ இஸ் நாட் ஏபிள் டு கம் டு ஸ்கூல். ப்ளீஸ் கிரான்ட் ஹிம் லீவ் ஃபார் டூ டேஸ்.’

அவன் வர முடியவில்லை, ஆகவே ‘ஹீ’. அவனுக்கு லீவு கொடுங்கள், கொடுக்கிறவர் வேறு ஆள், ஆகவே ‘ஹிம்’. மகளானால் மூன்று சொல் மாறும்: சன் போய் டாட்டர், ஹீ போய் ஷீ, ஹிம் போய் ஹெர். பிள்ளையே எழுதினால் ‘ஐ’யும் ‘மீ’யும். ஒரு லெட்டரை இந்த மூன்று விதத்திலும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். புரோநவுன் பாடம் பாதி முடிந்த மாதிரிதான்.

தினம் பத்து நிமிஷம்

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கீரை ஆயும்போது, பூக் கட்டும்போது, குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தே வாக்கியம். தமிழில் நீங்கள் சொல்லுங்கள். இங்கிலீஷில் அது சொல்லட்டும். “அவள் என்னை அடித்தாள்.” “எனக்குத் தூக்கம் வருகிறது.” “தாத்தா எங்களுக்குக் கதை சொன்னார்.” முதல் வாரம் நான், என்னை மட்டும். அடுத்த வாரம் அவன், அவள். மூன்றாவது வாரம் ‘எனக்கு’. ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினால் சுமை தெரியாது.

தப்பாகச் சொன்னால் “தப்பு” என்று வெட்ட வேண்டாம். “யார் செய்தது? யார் மேல் வந்தது?” என்று கேளுங்கள். குழந்தையே திருத்திக்கொள்ளும். உச்சரிப்பு நமக்கு அப்படி இப்படி இருந்தால் இருக்கட்டும். அதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுச் சரிசெய்து கொள்வார்கள். யோசிக்கிற வழியை நாம் காட்டினால் போதும்.

சகோதரிகளே, நமக்கு இங்கிலீஷ் சரளமாக வராமல் இருக்கலாம். ஆனால் தமிழ் நமக்கு நன்றாகத் தெரியும். நம் பிள்ளையை அதைவிட நன்றாகத் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தாராளமாக ஆரம்பிக்கலாம். “அம்மாகிட்ட கேட்டா தெரியும்” என்ற நம்பிக்கை மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டால், அது புரோநவுனோடு நிற்காது.